'ஆக்ட்' படிப்பவர்களுக்கு: அறுகோணத்தை மனப்பாடம் செய்வதற்கு முன்

அக்செப்டன்ஸ் அண்ட் கமிட்மென்ட் தெரபியை எழுத்து எழுத்தாகச் சொல்வதில்லை, 'ஆக்ட்' என்று ஒரே சொல்லாகச் சொல்வதே வழக்கம். உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸ் 1980களில் தொடங்கிவைத்த இந்த உளவியல் சிகிச்சையை ஹேய்ஸ், ஸ்ட்ரோசால், வில்சன் மூவரும் 1999இல் நூலாக்கினார்கள். கஷ்டமான எண்ணமும் உணர்வும் இருக்கும்போதே முக்கியமானதைச் செய்ய முடிவதுதான் இதன் நோக்கம், அதை மன நெகிழ்வு என்பார்கள். மருத்துவ உளவியல் மாணவர்கள் பலர் அந்த நெகிழ்வின் ஆறு கூறுகளைக் காட்டும் அறுகோணப் படத்தை வரைந்து, ஆறு மூலைக்கும் வரையறையை நெட்டுருப் போட்டுவிடுகிறார்கள். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், "இந்த நோயாளிக்கு ஏன் இதைச் செய்தீர்கள்?" என்று கேட்டதும் தடுமாறுகிறார்கள். ஆறையும் ஆறு தனித்தனி உத்திகளாகப் படித்ததுதான் காரணம்.

'ஆக்ட்' நூல்கள் எழுதிய ரஸ் ஹாரிஸ் இந்த ஆறையும் மூன்றாகச் சுருக்குவார். ஏற்றலும் எண்ணத்திலிருந்து விலகிப் பார்த்தலும் ஒரு ஜோடி: மனதைத் திறப்பது. இந்தக் கணத்தில் இருத்தலும் கவனிக்கும் 'நான்' என்பதும் இன்னொரு ஜோடி: இங்கே இருப்பது. விழுமியமும் (எப்படிப்பட்ட ஆளாக வாழ ஆசை என்பது) அதன்படியான செயலும் மூன்றாவது: முக்கியமானதைச் செய்வது. எந்த நோயாளியானாலும் முதலில் கேட்க வேண்டியது, இந்த மூன்றில் எங்கே சிக்கியிருக்கிறார் என்பதைத்தான்.

தமிழில் சிகிச்சை தருபவருக்கு முதல் இடறல் 'ஏற்றுக்கொள்ளுங்கள்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. கேட்பவர் காதில் அது 'தலைவிதி, பொறுத்துப் போ' என்றே விழும். கணவர் அடிக்கிறார் என்று வந்திருக்கும் பெண்ணிடம் இந்தச் சொல்லைப் போட்டால் அது தீங்கு. ஏற்பது உள்ளே எழும் பயத்தையும் துக்கத்தையும், அடியை அல்ல. அங்கே பாதுகாப்புதான் முதல் வேலை, பயம் இருக்கும்போதே உதவி கேட்க ஓர் அடி எடுத்துவைப்பதுதான் 'ஆக்ட்'.

'இடம் கொடுத்தல்' என்பது இதைவிட நன்றாக வேலை செய்யும். "இடம் கொடுத்தால் மடம் பிடுங்குமே" என்று நோயாளி பழமொழியைத் திருப்பி வீசலாம். அதை மறுக்காதீர்கள், கஷ்டமான உணர்வுகளை அவர் தவிர்ப்பது முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. "சரி, பார்ப்போம். நெஞ்சு படபடப்புக்கு இரண்டு நிமிடம் இடம் கொடுப்போம், மடத்தைப் பிடுங்குகிறதா என்று இருவரும் கவனிப்போம்" என்று சோதனையாக்குங்கள். எங்கே படபடக்கிறது, எவ்வளவு பெரிது, சூடா குளிரா, அசைகிறதா என்று கேட்டுக்கொண்டே போகலாம். கண்ணை மூடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். பெரும் அதிர்ச்சியைக் கடந்து வந்தவர்களுக்குத் தரையைப் பார்த்திருப்பதே பாதுகாப்பு.

இதற்கு முன் ஒரு படியைத் தாண்டக் கூடாது. ஒரு தாளில் நான்கு பத்தி போடுங்கள்: இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள், உடனே பலன் இருந்ததா, ஆறு மாதம் கழித்து என்ன ஆனது, அதற்கு என்ன விலை கொடுத்தீர்கள். கூட்டத்தைத் தவிர்த்தவர் தங்கையின் கல்யாணத்தையும் தவறவிட்டிருப்பார். விலையை அவரே எழுத வேண்டும். சிகிச்சையாளர் சொன்னால் அது உபதேசம்.

விலகிப் பார்த்தலுக்குத் தமிழ் இலக்கணமே கைகொடுக்கிறது. "நான் லாயக்கில்லை" என்பதை "நான் லாயக்கில்லைன்னு மனசு சொல்லுது" என்று மாற்றச் சொல்லுங்கள். அடுத்து, "மனசு அப்படிச் சொல்றதை நான் கவனிக்கிறேன்." அந்த '-ன்னு' எண்ணத்துக்கும் ஆளுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி போட்டுவிடுகிறது. ஆங்கிலத்தில் 'பால்' என்ற சொல்லை வேகமாகத் திரும்பத் திரும்பச் சொல்வது பழைய பயிற்சி. நமக்குப் 'புளி' பொருத்தம். முதல் முறை சொல்லும்போது வாய் ஊறும்; முப்பது விநாடி விடாமல் சொன்னால் வெறும் ஒலியாகிவிடும். அதன் பிறகே நோயாளியின் வலிக்கும் சொல்லுக்குப் போகலாம். இழவு நடந்து சில நாட்களே ஆனவரிடம் இதைச் செய்யாதீர்கள், அவர் துக்கத்தைக் கேலி செய்வதாகவே படும்.

அடுத்த வாரம் "செய்தேன், பதற்றம் போகவே இல்லை" என்று வருவார். எண்ணத்தை விரட்டும் புதுக் கருவியாகப் பயிற்சியை மாற்றிக்கொண்டார் என்று பொருள். பெரும்பாலும் தவறு நம்முடையது: "செய்தால் நிம்மதியாக இருக்கும்" என்று நாமே வாயை விட்டிருப்போம்.

'விழுமியம்' பாடநூல் சொல், நோயாளியிடம் செல்லாது. 'மதிப்பு' என்றால் மரியாதை என்று நினைப்பார். "எப்படிப்பட்ட ஆளாக இருக்க ஆசை?" என்று கேட்பதே போதும். மகனை இன்ஜினியரிங் சேர்ப்பது இலக்கு, முடிந்துவிடும். மகனிடம் பொறுமையான அப்பாவாக இருப்பது திசை, முடியாது. நாலு பேருக்காகச் சொல்கிறாரா என்று அறிய, "யாருக்குமே தெரியப்போவதில்லை என்றாலும் செய்வீர்களா?" என்று கேளுங்கள். "கவலைப்படாமல் இருக்க வேண்டும்" என்றால், அதைப் பிணமும் செய்யும். கவலை இல்லாவிட்டால் என்ன செய்துகொண்டிருப்பார் என்று கேட்டு அதிலிருந்து செயலை எடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு அண்ணனுக்குப் பத்து நிமிடம் போன் என்ற அளவுக்குச் சிறியதாக, நாள் நேரத்தோடு இருக்க வேண்டும்.

'கவனிக்கும் நான்' பற்றி நீளமாக விளக்காதீர்கள், பேச்சு ஆன்மாவுக்குப் போய்விடும். கவனிக்கும் நான் வானம், வந்து போகும் எண்ணங்கள் மேகம் என்ற உவமை போதும்.

வைவாவில் மன நெகிழ்வை அளக்கும் வினாப்பட்டியலான ஏஏக்யூ-2 பற்றிக் கேட்பார்கள்: ஏழு கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7, மொத்தம் 7 முதல் 49, கூடினால் நெகிழ்வு குறைவு. நெகிழ்வை அளப்பதைவிட மனத்துயரையே அளக்கிறது என்ற விமர்சனம் வலுவானது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அறிகுறி குறைவதுதானே வெற்றி என்று தேர்வாளர் மடக்கினால், பாக்கும் ஹேய்ஸும் 2002இல் வெளியிட்ட ஆய்வு கைவசம் இருக்கட்டும். இல்லாத குரல் கேட்பது, பொய்யான நம்பிக்கை போன்ற அறிகுறிகளோடு மருத்துவமனையில் இருந்த 80 பேரில் பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு நான்கு அமர்வு 'ஆக்ட்' கிடைத்தது. அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகத் தங்கள் அறிகுறிகளை ஒப்புக்கொண்டார்கள், ஆனால் அவற்றை நம்பியது குறைவு. அடுத்த நான்கு மாதங்களில் மறுபடி சேர்க்கப்பட்டவர்கள் மற்றவர்களில் 40 சதவீதம், இவர்களில் 20.