78 கிலோவுக்கு எத்தனை அங்குல ஸ்கீ?

மினசோட்டாவில் கோடை குறுகியது. ஏரித் தண்ணீர் ஜூனில்தான் உடம்பு பொறுக்கிற சூட்டுக்கு வரும், செப்டம்பரில் மறுபடி விறைக்க ஆரம்பித்துவிடும். அதனால் படகு இழுக்க, ஸ்கீ என்ற நீளப் பலகையைக் காலில் மாட்டித் தண்ணீர் மேல் சறுக்குகிற இந்த விளையாட்டில், இரண்டு பலகையில் நிற்கப் பழகிய கையோடு ஒற்றைப் பலகைக்கு, அதாவது ஸ்லாலம் ஸ்கீக்கு, மாறிவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. பக்கத்து வீட்டுக்காரரிடம் அவுட்போர்டு மோட்டார் மாட்டிய குடும்பப் படகு இருக்கிறது. இழுப்பது அவர் பாடு, ஸ்கீ வாங்குவது என் பாடு என்று பேசிக்கொண்டோம்.

கடையில் முதல் கேள்வியே எடை எவ்வளவு என்பதுதான். உயரத்தைக் கேட்கவே இல்லை. இங்கே ஓட்டுநர் உரிமத்திலேயே எடை அச்சாகியிருக்கும், ஆனால் அது எப்போதோ எழுதிக் கொடுத்த எண். ஊர் முழுக்க அப்படித்தான், உரிமத்தில் யாருக்கும் தொப்பை கிடையாது. வீட்டுத் தராசில் ஏறிப் பார்த்துவிட்டே போயிருந்தேன்: 78 கிலோ, பவுண்டில் 172.

அட்டவணையை விரித்தார்கள். 160 முதல் 180 பவுண்டு வரை உள்ளவருக்கு, படகு மணிக்கு 26 முதல் 30 மைல் வேகத்தில் போனால் 67 முதல் 69 அங்குல ஸ்கீ. 30 முதல் 34 மைல் என்றால் 66 முதல் 68. 34 முதல் 36 மைல் என்றால் 65 முதல் 67. ஆக, அதே 172 பவுண்டு ஆளுக்கு 65 அங்குலமும் பொருந்தும், 69-உம் பொருந்தும். எடையை மட்டும் சொல்லி ஸ்கீ கேட்பவருக்கு ஏன் ஆளாளுக்கு ஒரு பதில் கிடைக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது.

காரணம் எளிமையானது. பலகையைத் தண்ணீர் மேலே தூக்குகிற விசை அதன் பரப்பைப் பொறுத்தது, வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. 26 மைலிலிருந்து 34 மைலுக்குப் போனால் அதே பலகைக்குக் கிடைக்கும் தூக்கு விசை ஏறக்குறைய எழுபது சதவீதம் கூடிவிடுகிறது. மெதுவாகப் போகிறவருக்கு அந்தக் குறையைப் பரப்புதான் ஈடுகட்ட வேண்டும்.

இதற்கு எங்கள் மாநிலத்திலேயே நல்ல சாட்சி உண்டு. 1922-இல் லேக் சிட்டி என்ற ஊரில், பெப்பின் ஏரியில், ரால்ஃப் சாமுவேல்சன் என்ற பதினெட்டு வயதுப் பையன் முதன்முதலாகத் தண்ணீரில் சறுக்கினான். அவன் கட்டிக்கொண்டவை எட்டடி நீளம், ஒன்பது அங்குல அகலத்தில் இரண்டு பைன் மரப் பலகைகள். முனையைக் கொதிநீரில் ஊறவைத்து மேல்நோக்கி வளைத்திருந்தான். எட்டடி என்றால் 96 அங்குலம்! இன்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இழுத்தது அவன் சகோதரனின் மெதுவான படகு. அந்த வேகத்துக்கு அந்தப் பரப்பு தேவைப்பட்டது.

சரி, என் வேகம் என்ன? பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். ஆள் ஏற்றிக்கொண்டு போகும்போது 28 மைலில் படகு சுகமாக ஓடும், அதற்கு மேல் விரட்ட அவருக்கே விருப்பமில்லை என்றார். போட்டிகளில் ஆண்களுக்கு அதிகபட்சம் மணிக்கு 58 கிலோமீட்டர், அதாவது 36 மைல். பெண்களுக்கு 55 கிலோமீட்டர். நான் அந்தப் பக்கமே போகப்போவதில்லை. ஆக 67-க்குக் கீழே பார்க்க வேண்டிய வேலை இல்லை.

இன்னொரு விஷயத்தை அட்டவணை சொல்வதில்லை: அகலம். போட்டிக்கான 67 அங்குல ஸ்கீ, முன்பாதத்துக்குக் கீழே ஏழு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். மெதுவான வேகத்துக்கென்று செய்த அகல ஸ்கீ அதைவிட அகலம். நீளத்தில் இரண்டும் 67-தான், பரப்பில் வேறு. பழைய ஸ்கீ மலிவாகக் கிடைக்கிறது என்று பாய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பழையவற்றில் பல ஒடுக்கமானவை. அதே நீள எண்ணைப் பார்த்து வாங்கினால் பரப்பு குறைந்துபோகும்.

கடைக்காரர் ஒடுக்கமான 67 ஒன்றையும் அகலமான 67 ஒன்றையும் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்க்கத் தராத கடையில் நான் ஸ்கீ வாங்க மாட்டேன். வித்தியாசம் கிளம்பும்போதே தெரிந்துவிட்டது. தண்ணீரில் குந்தி, முழங்காலை நெஞ்சோடு சேர்த்து, ஸ்கீயின் நுனி வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு "போகலாம்" என்று கத்துகிறோம். ஒடுக்கமான பலகையில் படகு இழுத்துக்கொண்டே இருக்கும், நான் எழ மாட்டேன். தண்ணீர் மூக்கில் ஏறும், தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கும். அவசரப்பட்டுக் கையை மடக்கி இழுத்தால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். அகலப் பலகையில் அந்த இழுபடும் நேரம் பாதியாகிவிட்டது போலிருந்தது. மோட்டாரும் அவ்வளவு திணறவில்லை. திரும்பும்போதும் அப்படித்தான்: ஒடுக்கமானதில் வேகம் குறைகிற இடத்தில் வால் புதைந்து நின்றுவிடுவேன், அகலமானது மிதந்துகொண்டே திரும்பியது.

அப்படியானால் 69 எடுத்தால் இன்னும் சுலபம்தானே என்று கேட்டேன். எழுவது சுலபம், அப்புறம் சாய்ப்பதுதான் கஷ்டம் என்றார் அவர். பரப்பு கூடக் கூட விளிம்பில் சாய மறுக்கும். படகின் அலையைத் தாண்டும்போது தண்ணீரைக் கடிக்காமல் தட்டித் தட்டிப் போகும். என் எடை அந்த வரம்பின் மேல்பாதியில் இருக்கிறது, அகலம் ஏற்கெனவே உதவுகிறது, அதனால் 67 போதும் என்று முடிவு செய்தேன். அகலம் இல்லாத ஸ்கீ என்றால் 68 எடுத்திருப்பேன்.

பூட் விஷயத்தில் சுருக்கமாக: முன்கால் பூட் இறுக்கமாக இருக்க வேண்டும், பின்காலுக்கு விரல் பகுதியை மட்டும் பிடிக்கும் பட்டை பழகுகிறவர்களுக்குப் போதும். எந்தக் கால் முன்னே என்பதற்கு, இரண்டு பலகையில் போகும்போது ஒன்றைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். எந்தக் காலில் தடுமாறாமல் நிற்கிறீர்களோ அது முன்னே. பலகையின் அடியில், பின்னால் மீன் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஃபின்னை மட்டும் தொடாதீர்கள். கம்பெனி வைத்துக் கொடுத்த அளவே நம் நிலைக்குச் சரி.

மனைவிக்கு 56 கிலோ, 123 பவுண்டு. என் ஸ்கீயில் அவளும் எழுந்துவிட்டாள், எழுந்ததும் நேர்கோட்டில்தான் போக முடிகிறது, பலகை சாய மாட்டேன் என்கிறது. அட்டவணைப்படி அவளுக்கு 64 முதல் 66. சீசன் முடிந்ததும் 65 அங்குலத்தில் அகலமான ஸ்கீ ஒன்று தள்ளுபடிக்கு வந்தால் சொல்லும்படி கடைக்காரரிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.