கபானியாஸ் சுவர்கள்

டொரொன்டோவில் ஓர் ஆவணக்காப்பகத்துக்காகப் போராட்டச் சுவரோவியங்களைப் படமெடுத்துப் பதிவுசெய்வது என் வேலை. கனடியக் கம்பெனிகள் சுரங்கம் தோண்டப் போன நாடுகளில் மக்கள் வரைந்தவை அவை. அவற்றில் என் மனதை விட்டு அகலாதவை மத்திய அமெரிக்க நாடான எல் சல்வடோரின் கபானியாஸ் மாகாணத்துச் சுவர்கள்.

எல் டொராடோ என்ற பழைய தங்கச் சுரங்கத்தை மறுபடி திறக்க அங்கே போனது வான்கூவரைச் சேர்ந்த பசிபிக் ரிம் என்ற கம்பெனி. பாறையிலிருந்து தங்கத்தைப் பிரித்தெடுக்க சயனைடு கரைசல் வேண்டும். அந்தக் கழிவு லெம்பா ஆற்றில் கலந்துவிட்டால்? தலைநகருக்கும் அந்த ஆற்றிலிருந்துதான் தண்ணீர் போகிறது. நாட்டின் கிழக்கே, பழைய சுரங்கத்தின் அமிலக் கசிவால் நிறம் மாறிப்போன சான் செபாஸ்தியான் ஆறு கண்முன்னே இருந்தது. பயம் வெறும் கற்பனை இல்லை.

சான் இசித்ரோ ஊரின் மார்செலோ ரிவேரா ஓர் ஆசிரியர்; ஊர்ப் பண்பாட்டு மையத்தை நடத்தியவர், சுரங்கத்தை எதிர்த்தவர். 2009 ஜூனில் காணாமல் போனார். பிறகு ஒரு கிணற்றிலிருந்து அவர் உடலை எடுத்தார்கள். அவர் முகத்தைச் சுவரில் பார்க்கும்போது அளவுநாடாவை உடனே நீட்ட எனக்குக் கை வராது.

எங்கள் படிவத்தில் உயரம், அகலம், ஓவியர் பெயர், வரைந்த ஆண்டு என்று கட்டங்கள் உண்டு. ஓவியர் பெயர் பெரும்பாலும் ‘ஊர் இளைஞர்கள்’தான். ஆண்டுதான் சிக்கல். மழையில் பெயிண்ட் உரியும், அடுத்த கோடையில் வேறு பிள்ளைகள் மேலேயே வரைவார்கள், ஆற்றின் பக்கத்தில் புதிதாக ஒரு முகம் சேரும். மேலே பூசியது மூலத்தைக் கெடுத்துவிட்டது என்பது அலுவலகத்தில் சிலரின் கருத்து. நான் அதை ஏற்கவில்லை. திரும்பத் திரும்ப வரைகிறார்கள் என்றால் ஊர் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை என்று அர்த்தம். எந்தச் சுவர், பள்ளிக்கூடத்துச் சுவரா, யார் தினமும் அதைக் கடந்து போகிறார்கள் என்பதையும் எழுத வேண்டும். சுற்றுப்புறத்தை வெட்டிவிட்டு ஓவியத்தை மட்டும் எடுத்த படத்தால் பாதிப் பயன்கூட இல்லை.

2009இல் கம்பெனி நாட்டின் மீதே சர்வதேச நடுவர் மன்றத்தில் வழக்குப் போட்டது. 2016இல் தோற்றது; எல் சல்வடோருக்கு 80 லட்சம் டாலர் செலவுத்தொகை தரச் சொன்னார்கள். 2017 மார்ச்சில் உலோகச் சுரங்கம் முழுவதையும் நாடே தடை செய்தது. உலகில் இப்படிச் செய்த முதல் நாடு அது.

அப்புறம் நாங்கள் கோப்புகளைத் தடைக்கு முன், தடைக்குப் பின் என்று இரண்டாகப் பிரித்தோம். 2024 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தத் தடையை நீக்கிவிட்டது. செய்தியைப் படித்த அன்று எனக்குக் கோபமும் துக்கமும் சேர்ந்தே வந்தன. எத்தனை பேர் எத்தனை வருஷம் போராடி வாங்கிய சட்டம்!

இப்போது மூன்றாவதாக ஒரு கோப்பு திறக்கச் சொல்லியிருக்கிறேன். கூடவே, நல்ல தெளிவில் எடுத்த பழைய படங்களின் பிரதிகளை அந்த ஊர்களுக்கே அனுப்ப வேண்டும் என்று கேட்டுவருகிறேன். உரிந்துபோன சுவரை மறுபடி வரைய நினைப்பவர்களுக்கு அவை கையில் இருக்க வேண்டும்.