பிளஸ் ஒன் லேபுக்குள் போகும் முன்: சுழிப்பிழை, சுழிப்பிழை, சுழிப்பிழை

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது, இயற்பியலில் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே மார்க். தியரி 70-க்கு வழி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், லேப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் என்னோடு படித்தவர்களில் பலர் திருகு அளவியை (மெல்லிய கம்பியின் தடிமனை அளக்கும் கருவி) கையில் வாங்கியதே பிராக்டிகல் நெருங்கிய பிறகுதான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான்: கம்பியை வைப்பதற்கு முன் சுழிப்பிழை பாருங்கள், அதாவது எதையும் வைக்காமல் மூடும்போதே கருவி சுழியைக் காட்டாமல் விலகி நிற்கிறதா என்று. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையை ஏற்றும் முன் தராசு சுழியில் நிற்கிறதா என்று அப்பா குனிந்து பார்ப்பாரே, அதே வேலைதான் இதுவும். மீச்சிற்றளவு, அதாவது இந்தக் கருவி அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.01 மி.மீ. மூடிய நிலையிலேயே தலைக்கோலின் (சுழலும் தலையைச் சுற்றி உள்ள 100 பிரிவு அளவுகோல்) 5-வது பிரிவு, கருவியில் உள்ள நேர்கோட்டில் நின்றால், 0.50 மி.மீ. கம்பி 0.55 என்று காட்டும். இவ்வளவுதானே என்று விட்டால், பிளஸ் டூவில் மீட்டர் சமனச்சுற்றில் (மின்தடையை அளக்கும் அமைப்பு) கம்பிப் பொருளின் மின்தடை எண் காணும்போது ஆரம் வர்க்கமாக வந்து விடையை 21 சதவீதம் ஏற்றிவிடும்.

குறியில்தான் குழப்பம் வரும். சுழி கோட்டுக்குக் கீழே நின்றால் பிழை நேர்க்குறி, அதனால் திருத்தம் எதிர்க்குறி. மேலே நின்றால் தலைகீழ். 95-வது பிரிவு கோட்டில் நின்றால் அது 95 இல்லை, 5 பிரிவு குறைவு.

அப்புறம் சில:

- ராட்செட்டை (கடைசி முனையில் உள்ள சிறு திருகு) மட்டும் திருகுங்கள், 'டிக்' கேட்டதும் நிறுத்துங்கள். இறுக்கினால் கம்பி நசுங்கும்.
- கம்பி முழுக்க ஒரே தடிமனாக இருக்காது, வேறு வேறு இடங்களில் அளவெடுங்கள்.
- தனி ஊசலில் (நூலில் தொங்கி ஆடும் குண்டு) அலைவுகளை எண்ணும்போது முதல் எண்ணிக்கை 'சுழி'. 'ஒன்று' என்று ஆரம்பித்தால் 20 அலைவு என்று நினைத்து 19-ஐத்தான் எண்ணியிருப்பீர்கள், புவியீர்ப்பு முடுக்கம் g 9.8-க்குப் பதில் 10.86 வரும். ஃபேனை நிறுத்திவிடுங்கள், வியர்த்தாலும் சரி.
- விடை தெரியும் என்பதற்காக அளவீட்டை வளைக்காதீர்கள். வந்ததை எழுதுங்கள்.

இதை ஆசிரியர்கள் யாராவது படித்தால் ஒரு வேண்டுகோள். ஜூனிலேயே ஒரு பீரியடு, சூத்திரம் எதுவும் வேண்டாம், ஒரே கம்பியை வகுப்பு முழுக்க அளக்கச் சொல்லி எல்லா விடையையும் போர்டில் எழுதுங்கள். ஏன் ஒன்றுபோல் வரவில்லை என்று பிள்ளைகளே கேட்பார்கள், அங்கிருந்து பாடத்தை ஆரம்பிக்கலாம்.