முதலில் நோட்டு, பிறகுதான் பாஸ்கீ

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆபீஸ், மாதவரத்தில் குடோன், மொத்தம் 28 பேர். ஆபீஸ் மெயில் ஓடும் கூகுள் வொர்க்ஸ்பேஸை எஸ்எம்எஸ் ஓடிபியிலிருந்து பாஸ்கீக்கு மாற்ற மூன்று வாரம் ஆனது. பாஸ்கீ என்பது போனிலோ கம்ப்யூட்டரிலோ செக்யூரிட்டி கீயிலோ இருக்கும் டிஜிட்டல் சாவி; விரல் ரேகையோ பின் நம்பரோ கொடுத்தால் திறக்கும். முதல் வாரம் எந்த செட்டிங்கையும் தொடவில்லை. எந்த ஐடியில் யார் யார் நுழைகிறார்கள் என்று நோட்டில் எழுதியதோடு சரி. வேலையில் பாதி அதுதான்.

அக்கவுண்ட்ஸ் ஐடி ஒன்று, அதில் நுழைபவர்கள் நாலு பேர், ஓடிபி வருவதோ முதலாளி போனுக்கு. "சார், ஓடிபி சொல்லுங்க" என்றால் யாரென்று பார்க்காமல் சொல்லிவிடும் பழக்கம் இப்படித்தான் ஊறுகிறது. திருடனுக்கு வேண்டியதும் அதுதான். நாலு பேருக்கும் அவரவர் ஐடி கொடுத்து, அக்கவுண்ட்ஸ் மெயில்பாக்ஸை டெலிகேஷன் வழியாக, அதாவது அதன் பாஸ்வேர்ட் இல்லாமல் சொந்த ஐடியிலிருந்தே, திறக்க விட்டோம். அட்மின் கன்சோலில் மெயில் டெலிகேஷனை முதலில் ஆன் செய்யாவிட்டால் இது நடக்காது.

போனிலேயே ஓடிபி எண்ணை உண்டாக்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப் போதாதா என்று கேட்பார்கள். எஸ்எம்எஸ்ஸுக்கு அது மேல். உங்கள் நம்பரைத் திருடன் தன் சிம்முக்கு மாற்றிக்கொள்ளும் சிம் ஸ்வாப் அதைத் தொடாது. ஆனால் 30 வினாடிக்கு ஒருமுறை மாறும் அந்த 6 இலக்க எண்ணையும் போலிப் பக்கத்தில் தட்டிவிட முடியும், திருடன் அதை உடனே அசல் தளத்தில் போட்டு உள்ளே போய்விடுவான். பாஸ்கீ தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டது. முகவரி போலியானால் பிரவுசர் அதை எடுத்தே கொடுக்காது.

அதிகம் சிக்கியது பழைய டெஸ்க்டாப்களில். திரையில் வரும் க்யூஆரை போனில் ஸ்கேன் செய்தால் லாகின் ஆக வேண்டும். ஆகாது, காரணமும் சரியாகச் சொல்லாது. போன் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதை புளூடூத் வைத்துத்தான் உறுதி செய்கிறார்கள். அந்த டெஸ்க்டாப்களில் புளூடூத்தே கிடையாது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் யுஎஸ்பி டாங்கிள் வாங்கிச் செருகியதும் சரியானது. குடோனில் ஒரே விண்டோஸ் லாகினை மூன்று ஷிஃப்டும் பயன்படுத்துகிறது. அங்கே விண்டோஸ் ஹலோவில் (விண்டோஸின் பின் நம்பர், விரல் ரேகை லாகின்) பாஸ்கீ வைத்தால் பின் நம்பர் தெரிந்தவர் எல்லாம் நுழைவார். அதனால் ஆளுக்கொரு யுஎஸ்பி செக்யூரிட்டி கீ. கீயின் பின் நம்பரை 3 முறை தப்பாகப் போட்டால் கழற்றித் திரும்பச் செருக வேண்டும். 8 முறை ஆனால் கீ பூட்டிக்கொள்ளும், ரீசெட் செய்தால் உள்ளே இருக்கும் பாஸ்கீ எல்லாம் அழியும். இதைக் கீ கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

பாஸ்கீயைக் கட்டாயமாக்கும் தேதிக்கு முன் ஸ்கேனரை மறக்க வேண்டாம். ஸ்கேன் செய்து மெயில் அனுப்பும் ஜெராக்ஸ் மெஷினுக்கு விரல் கிடையாது. அதன் ஐடியைத் தனி ஆர்கனைசேஷனல் யூனிட்டில் (தனி விதி போடக்கூடிய குழு) வைத்து, அந்த மெஷினுக்கென்றே 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் கொடுத்தோம். செக்யூரிட்டி கீ மட்டும் என்ற விதி அந்த ஐடி மேல் இருந்தால் ஆப் பாஸ்வேர்ட் கிடைக்காது. பிற்பாடு யாராவது அந்த ஐடியின் மெயின் பாஸ்வேர்டை மாற்றினாலும் ஆப் பாஸ்வேர்ட் செத்துவிடும், மெஷின் மறுபடி ஊமையாகும்.

சரக்கு லாரிக்கு ஜிஎஸ்டியில் எடுக்கும் இ-வே பில் தளத்தில் பாஸ்கீ கிடையாது. 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் ஓடிபி கட்டாயம். ராத்திரி லாரி நிற்கும்போது முதலாளியை எழுப்ப வேண்டியதில்லை: சப்-யூசர் (கம்பெனி ஐடியின் கீழ் தனி லாகின்) உண்டாக்கி குடோன் சூப்பர்வைசர் நம்பரையே பதியலாம். அரசின் என்ஐசி ஜிஎஸ்டி ஷீல்டு ஆப் நெட் இல்லாமலே ஓடிபி தரும். போன் கடிகாரம் ஆட்டோமேட்டிக்கில் இருக்க வேண்டும், நேரம் பிசகினால் எண் செல்லாது.

வொர்க்ஸ்பேஸில் முழு அதிகாரம் உள்ள சூப்பர் அட்மின் இருவர், ஆளுக்கு இரண்டு கீ, ஒன்று கவரில் போட்டு பீரோவில். கீ தொலைந்தால் நுழைய உதவும் 10 பேக்கப் கோடுகள் பிரிண்ட் எடுத்து அதே கவரில். தீபாவளி எக்ஸ்சேஞ்சுக்குப் பழைய போனைக் கொடுக்கும் முன், புதிய போனில் ஒருமுறை லாகின் செய்து காட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஸ்டாஃப் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறோம்.