இரவு எட்டு மணிக்குப் பிறகு

ஒலிப்பதிவுக் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. சாலிகிராமத்தில் ஒரு மாடி வீடு. முன்னறையில் ஒலிகளைக் கலக்கும் கன்சோல், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடுகிறவர் நிற்கும் அறை. அங்கே இருந்தவர்கள் எல்லாரும் நல்ல மனிதர்கள். இரவு எட்டு மணியானால், "நேரமாச்சு, நீ கிளம்பும்மா. வீட்டுல தேடுவாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். ஆட்டோ ஏறும்வரை யாராவது ஒருவர் வாசலில் நிற்பார். அந்த அக்கறையை இன்றும் நான் மதிக்கிறேன். ஆனால் என்னுடன் அதே வாரம் சேர்ந்த பையன் என்னைவிட இரண்டு வருஷம் முந்திப் போனது அந்த எட்டு மணிக்குப் பிறகுதான்.

இந்தத் தொழிலைப் பகலில் யாரும் கற்றுத் தருவதில்லை. பகலில் வாத்தியக்காரர்களின் கால்ஷீட் ஓடிக்கொண்டிருக்கும். உதவியாளருக்குக் கேபிள் சுருட்டுவது, மைக் ஸ்டாண்டை நகர்த்துவது, டேக் எண்ணைக் குறித்து வைப்பது, டீ சொல்வது, இவ்வளவுதான் வேலை. ராத்திரி பதினொன்றுக்கு மேல் கூட்டம் கலையும். மூத்தவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, "டேய், இதுக்கு ஒரு ரஃப் மிக்ஸ் போட்டு வை" என்று சொல்லிவிட்டுக் கீழே போவார். அவர் திரும்பி வரும்வரை இருக்கும் அரை மணி நேரம்தான் பள்ளிக்கூடம். குரலை அமுக்கலாம், எக்கோவைக் கொட்டலாம், எல்லாவற்றையும் கெடுத்துவிட்டு அழிக்கலாம். பார்க்க ஆள் கிடையாது.

எனக்கு அந்த அரை மணி கிடைக்கவில்லை. அதனால் என் முதல் தப்பு நடுப்பகலில், எல்லார் முன்னாலும் நடந்தது. கண்டென்சர் மைக் வேலை செய்யத் தேவையான 48 வோல்ட் மின்சாரம் கேபிளில் போய்க்கொண்டிருக்கும்போது, எதையும் மியூட் செய்யாமல் கேபிளை உருவிவிட்டேன். டொம்மென்று அறையே அதிர்ந்தது. பாட வந்திருந்தவர் ஹெட்போனைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. ஆனால் அடுத்த மூன்று மாதம் என்னை மைக் பக்கமே விடவில்லை. அதே தப்பைத் தானும் நாலைந்து தடவை செய்திருப்பதாக அந்தப் பையன் பின்னாளில் சொன்னான். எல்லாம் நள்ளிரவில், ஆளில்லாத அறையில்.

என்னைக் காப்பாற்றியது சின்ன வயதில் போன பாட்டு கிளாஸ். ஏழு வயதில் சரளி வரிசையில் ஆரம்பித்துப் பத்து வருஷம் கற்றுக்கொண்டேன். ஒருநாள் தோடி ராகத்தில் அமைந்த ஒரு பக்திப் பாட்டை எடிட் செய்துகொண்டிருந்தார்கள். சுருதி திருத்தும் மென்பொருளில் போட்டு, ஒவ்வொரு ஸ்வரத்தையும் கோட்டில் நிறுத்தியிருந்தார்கள். திரையில் பார்க்கச் சுத்தமாக இருந்தது. கேட்டால் தோடி இல்லை. தோடியின் காந்தாரம், அதாவது 'க' ஸ்வரம், ஓரிடத்தில் நிற்கவே நிற்காது, அசைந்துகொண்டே இருந்தால்தான் அது தோடி. அந்த அசைவைப் பிழை என்று நினைத்து மென்பொருள் இழுத்துக் கட்டிவிட்டது. ஓரமாக நின்ற நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மூத்தவர் திரும்பிப் பார்த்தார். "எங்க, நீயே எடுத்து விடு பார்ப்போம்" என்று எழுந்து இடம் கொடுத்தார். பகல் மூன்று மணிக்கு நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

நம் ஊரில் எத்தனை பெண் பிள்ளைகளைப் பாட்டு கிளாஸுக்கு அனுப்புகிறோம்! கொலுவில் பாட, பள்ளி ஆண்டு விழாவில் பாட. அந்தக் காதை வைத்து ஒரு தொழில் செய்யலாம் என்று மட்டும் யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. 1902-ல் கிராமஃபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃப்ரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். பாடி முடித்ததும் கௌஹர் ஜான் தன் பெயரைத் தானே சொல்வது இசைத்தட்டுகளில் இன்றும் கேட்கும். ஒலியை வாங்கும் குழலுக்கு முன்னால் பெண், இயந்திரத்துக்குப் பின்னால் ஆண் என்ற வரிசை அப்போது வந்தது. எங்கள் கூடம்வரை மாறாமல் வந்திருந்தது. லண்டனில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆண்கள் படைக்குப் போனபோது, பி.பி.சி.யின் ஒலிப்பதிவு வேலைக்குப் பெண்களை எடுத்தார்கள். அப்படிப் பதின்ம வயதில் உள்ளே வந்தவர் டாஃப்னி ஓரம். 1958-ல் அங்கே மின்னணு ஒலிகளுக்கென்று தனிக் கூடம் அமைந்தபோது அதைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். என் மாணவிகளுக்கு அவரைப் பற்றித் தவறாமல் சொல்வேன். நாற்காலி காலியானதால்தான் அவருக்கு அது கிடைத்தது என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

இப்போது ஒன்பது வருஷமாகச் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு சமயத்தில் நான்கு பேர்தான். பாடத்தை விட நான் அதிகம் யோசித்தது நேரத்தைப் பற்றி. வகுப்பு மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கி ஆறரைக்கு முடியும். கடைசி அரை மணி நேரம் சாவியை அவர்களிடம் கொடுத்துவிட்டு நான் வெளியே வந்துவிடுவேன். என்ன செய்தார்கள் என்று கேட்பதும் இல்லை. ராத்திரி வேலைக்கும் அவர்களை அனுப்பத்தான் வேண்டும். ஆனால் அனுப்புகிற இடத்தில் முதலில் இரண்டு விஷயம் கேட்பேன்: திரும்பி வர வண்டி உண்டா, பெண்களுக்குத் தனிக் கழிவறை உண்டா. இரண்டாவது கேள்விக்குத்தான் நிறைய இடங்களில் பதில் வராது.

போன மாதம் மிருதங்கப் பதிவு பாடம். வலது முகமான வலந்தலைக்கு ஒன்று, இடது முகமான தொப்பிக்கு ஒன்று என இரண்டு மைக். இரண்டும் எதிரெதிரே பார்ப்பதால், சேர்த்துக் கேட்கும்போது சில சமயம் ஒன்றின் ஒலியை இன்னொன்று அழித்துவிடும். தொப்பியில் எழும் கும்கி என்ற வளைந்து ஒலிக்கும் கனத்த நாதம் காணாமல் போகும். அதை மாணவிகளிடம் சொல்லவில்லை. வாசிக்க வந்த தம்பியை அவர்களிடம் விட்டுவிட்டு மாடிப்படியில் வந்து உட்கார்ந்தேன். செங்கல்பட்டிலிருந்து வரும் பெண்ணின் அப்பா கீழே வண்டியோடு காத்திருந்தார். "முடிஞ்சுதுங்களா மேடம்?" என்றார். "இன்னும் கொஞ்ச நேரம் சார்" என்றேன்.

உள்ளேயிருந்து டொம்மென்று ஒரு சத்தம். அவர் பதறி மேலே பார்த்தார். நான் எழுந்து போகவில்லை. கொஞ்ச நேரம் அமைதி, அப்புறம் ஒரு பெண்ணின் சிரிப்பு, அதற்கு மேல் இன்னொரு குரல் ஏதோ வாதாடியது. பதிவு செய்ததை மறுபடி ஓட்டினார்கள். முதல் தடவை மிருதங்கம் தகரம் மாதிரி கேட்டது. மூன்றாவது தடவை கும்கி வந்துவிட்டது.