ஓடிய காருக்கு வாரண்டி

கிருஷ்ணகிரி பைபாஸ் ஓரம் செகண்ட் ஹேண்ட் கார் விற்கும் ஷோரூம் ஒன்றில் சில காலம் வேலை பார்த்தேன். விற்பனைப் பிரிவு இல்லை. கார் கை மாறிய பிறகு வரும் புகார்களைக் கேட்கும் மேஜை என்னுடையது. வண்டி விற்ற பையனுக்குக் கமிஷன் வரும், எனக்குத் திட்டு வரும். மாதக் கடைசியில் இரண்டும் உச்சத்தில் இருக்கும்.

சென்னை, பெங்களூரு, சேலம் என்று நெடுஞ்சாலைகள் பிரியும் ஊர் என்பதால் வண்டிக்குப் பஞ்சமே கிடையாது. பெங்களூருக்காரர்கள் மாற்றிவிடும் கார்கள் ஓசூர் வழியாக வந்து சேரும். வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் கார் வாங்குகிறவர்கள். மாந்தோப்பு வைத்திருப்பவர், ஆசிரியர், ஓசூர் கம்பெனிகளில் ஷிஃப்ட் பார்க்கிறவர். அவர்களிடம் விற்பனைப் பையன் சொல்வது ஒரே வசனம்தான்: “ஒரு வருஷம் வாரண்டி இருக்கு சார், எது போனாலும் நம்ம பொறுப்பு.”

காகிதத்தில் இருப்பது வேறு. இன்ஜின், கியர்பாக்ஸ் இரண்டின் உள்பாகங்களுக்கு மட்டும் வாரண்டி. கிளட்ச் பிளேட், பிரேக் பேட், பேட்டரி, டயர், சஸ்பென்ஷன் புஷ், பெல்ட், ஹோஸ் எல்லாம் தேய்மானக் கணக்கில் போய்விடும். ஏசி கம்ப்ரஸரும் கிடையாது. போதாக்குறைக்கு, அந்த வாரண்டியைத் தருவதே ஷோரூம் இல்லை, வாரண்டி விற்பதையே தொழிலாக வைத்திருக்கும் வேறொரு கம்பெனி. சரி அல்லது இல்லை என்று முடிவெடுப்பது அவர்கள். அந்த முடிவை ஆள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது நான்.

பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த ஒருவரின் விவகாரம் இன்னும் மனதில் நிற்கிறது. டீசல் கார் வாங்கியிருந்தார். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் வண்டி சூடேறி நின்றுவிட்டது. ரேடியேட்டர் ஹோஸில் வெடிப்பு விழுந்து, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் முழுக்க ஒழுகியிருக்கிறது. இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் போய், ஹெட்டும் லேசாக வளைந்துவிட்டது. மெக்கானிக் பார்த்த மட்டில் ஹோஸ் நாள்பட்டது, ரப்பர் இறுகிப் பிளந்திருந்தது. கிருஷ்ணகிரியில் சமதரையில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கும்போது இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது?

வாரண்டி கம்பெனியின் பதில் சுருக்கமாக வந்தது. ஹோஸ் தேய்மானப் பொருள், அதற்கு வாரண்டி இல்லை. ஹெட் இன்ஜின் பாகம்தான், ஆனால் அதிகச் சூட்டால் வந்த சேதத்துக்கு வாரண்டி இல்லை. சூடு காட்டும் ஊசி மேலே ஏறியும் வண்டியை நிறுத்தாதது ஓட்டியவரின் கவனக்குறைவு.

எனக்கு அந்தக் காகிதத்தின் சூட்சுமம் அன்றைக்குத்தான் புரிந்தது. எங்கள் மேனேஜரிடமே கேட்டேன்: “அண்ணா, ஓடின வண்டியில இன்ஜின் வேற எப்படித்தான் போகும்? சூடேறிப் போகும், ஆயில் இல்லாம போகும், டைமிங் பெல்ட் அறுந்து போகும். மூணையும் எடுத்துட்டா மிச்சம் என்ன?” சிரித்துக்கொண்டே, “அதான் தம்பி வாரண்டி” என்றார். அவர் கெட்டவர் இல்லை. தன் சொந்த மச்சானுக்கு அந்த வாரண்டியை வாங்கிக் கொடுத்திருக்க மாட்டார், அவ்வளவுதான்.

வாடிக்கையாளர் எல்லோரும் அப்பாவிகள் என்றும் சொல்ல முடியாது. வேகத்தடையில் இன்ஜின் அடியில் இருக்கும் ஆயில் சம்பை இடித்து உடைத்துவிட்டு, “தானா ஒழுகுது” என்று வந்து நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆயிலைத் தெரிந்த பட்டறையில் மலிவாக மாற்றிவிட்டு, பில் இல்லாமல் வருகிறவர்கள் அதைவிட அதிகம். பில் இல்லையென்றால் வாரண்டி கம்பெனிக்குக் கொண்டாட்டம்.

பெங்களூர் கார்களில் இன்னொரு சிக்கல். கர்நாடகாவிலிருந்து ஆட்சேபணை இல்லை என்ற என்.ஓ.சி. வந்து, இங்கே வரி கட்டி, பதிவுச் சான்றான ஆர்.சி.யில் பெயர் மாறி வருவதற்குள் வாரக்கணக்கில் ஆகிவிடும். ஷோரூமில் கொடுத்த வாரண்டியோ டெலிவரி எடுத்த தேதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். கார் கம்பெனியின் எக்ஸ்டெண்டட் வாரண்டி பாக்கி இருந்தாலும், பல கம்பெனிகளில் அதைப் புது உரிமையாளர் பெயருக்கு மாற்ற ஆர்.சி. கேட்பார்கள். ஆர்.சி. வரும்வரை அந்த வாரண்டியும் கைக்கு வராது, இந்த வாரண்டியின் நாளும் கரைந்துகொண்டிருக்கும்.

முன்பெல்லாம் இது இன்னும் மோசம். பழைய உரிமையாளரிடம் பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 இரண்டிலும் வெறும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆர்.சி.யில் கடைக்காரர் பெயர் எங்கேயும் வராது. பிரச்சினை என்று போனால், “நாங்க நடுவுல இருந்து முடிச்சுக் கொடுத்தோம், அவ்வளவுதான்” என்று ஒதுங்கிக்கொள்ளலாம். 2023 ஏப்ரல் 1 முதல் விதி மாறியது. பழைய கார் விற்கும் டீலர் அதற்கான அங்கீகாரம் பெற வேண்டும், வண்டி தன்னிடம் வந்ததைப் போக்குவரத்துத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், விற்கும்வரை அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். ஆனாலும் விதியைக் கண்டுகொள்ளாத யார்டுகள் இன்னும் இருக்கின்றன.

பென்னாகரத்துக்காரர் சும்மா போகவில்லை. விற்பனைப் பையன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு அவரிடம் இருந்தது. “இன்ஜின்ல எது வந்தாலும் ஒரு வருஷம் நாங்க பார்த்துக்கறோம்ணா” என்று தெளிவாக இருந்தது. அதைப் போட்டுக் காட்டிவிட்டு, தர்மபுரியிலேயே நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போவதாகச் சொன்னார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இவ்வளவும் அவர் மகள் படித்துச் சொல்லியிருந்தாள். அதுவரை நாற்காலியில் சாய்ந்திருந்த எங்கள் மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்து டீ சொன்னார்.

கடைசியில் ஹெட் வேலைக்கான கூலியையும் கேஸ்கெட் விலையையும் ஷோரூம் ஏற்றுக்கொண்டது. ஹோஸ், கூலண்ட், வண்டியை இழுத்து வந்த செலவு அவருடையது. அடுத்த வாரமே விற்பனைப் பையன்களுக்கு உத்தரவு வந்தது: வாரண்டியைப் பற்றி யாரும் குரல் பதிவு அனுப்பக் கூடாது, நேரில் மட்டும் சொல்ல வேண்டும்.