கிளினிக் குளிசை தபாலில் போன காலம்

2020 மார்ச் 20 மாலை கொரோனாவுக்காக இலங்கை முழுக்க ஊரடங்கு போட்டபோது பலர் வீட்டில் அரிசி இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பகுதியில் இருந்த எங்களுக்கு வேறு கவலை. அடுத்த கிழமை கிளினிக்குக்கு வரவேண்டியவர்கள் என்ன செய்வார்கள்? பிரஷர் குளிசையை இரண்டு கிழமை விட்டாலும் உடம்பு ஒன்றும் சொல்லாது. மறுகா ஒருநாள் திடீரென்று கையும் வாயும் கோணும்.

மட்டக்களப்புக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் போகும் கல்முனை வீதியோரம் இருக்கிறது நான் வேலை செய்யும் இடம். கிளினிக்குக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் படுவான்கரை, அதாவது வாவிக்கு மேற்குக் கரை ஆட்கள். பட்டிருப்புப் பாலத்தால் பஸ்ஸில் வருவார்கள். மண்டூர்ப் பக்கத்தவர்கள் குருமண்வெளித் துறைக்கு வரும் ‘பாதை’ என்ற மிதவையில் ஏறி வாவியைக் கடப்பார்கள். ஊரடங்கில் இரண்டுக்கும் வழியில்லை. போதாததற்குப் பயம் வேறு. வெளிநாட்டில் இருந்து வந்தவர்களைப் புணானையில் தனிமைப்படுத்தத் தொடங்கிய நாளில் இருந்தே, ஆஸ்பத்திரிப் பக்கம் போனால் நோய் பிடிக்கும் என்ற பேச்சு எங்கள் மாவட்டத்தில் பரவியிருந்தது. இடைக்கிடை சில மணி நேரம் ஊரடங்கைத் தளர்த்தினார்கள்தான். அந்த நேரத்தில் மனிதர் கடைக்குப் போவாரா, வாவி கடந்து குளிசைக்கு வருவாரா?

ஏப்ரலில் கிளினிக் மருந்துகளைத் தபால் திணைக்களத்தின் மூலம் வீடுகளுக்கு அனுப்பும் ஏற்பாடு வந்தது. கேட்க நல்லாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் கிளினிக்கில் மருந்து எழுதிய கொப்பி நோயாளியின் கையில்தான் இருக்கும். ஆள் வராவிட்டால் கொப்பியும் வராது. ஆகவே போன். வட்ஸ்அப் உள்ள வீடுகளில் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினார்கள். இல்லாத வீடுகளில் பேரப்பிள்ளை கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, டொக்டரின் ஆங்கிலக் கையெழுத்தை ஒவ்வோர் எழுத்தாக வாசிக்கும். நாங்களே தடுமாறும் கையெழுத்து அது. ‘மெட்போர்மின்’ என்ற சீனி வருத்தக் குளிசையின் பெயரை ஒரு பொடியன் மூன்று விதமாக வாசித்துவிட்டு, “அங்கிள், பெரிய வெள்ளைக் குளிசை, கசக்கும் எண்டு அம்மம்மா சொல்றா” என்றான். அது போதும், பிடிபட்டுவிட்டது. சந்தேகம் தீராதவற்றை டொக்டரிடம் காட்டி உறுதிசெய்த பிறகுதான் கட்டினோம்.

அப்புறம் விலாசம். கொப்பியில் பெயர், வயது, ஊர் இருக்கும். வீட்டு இலக்கம் இருக்காது. “பிள்ளையார் கோயிலடி, வெல்லாவெளி” என்று எழுதினால் போய்ச் சேருமா என்று யோசித்தோம். சேர்ந்தது. தபால்காரருக்கு யார் யார் வீட்டில் என்ன வருத்தம் என்பதுகூடத் தெரிந்திருந்தது. ஒருவர் எங்களுக்குப் போன் எடுத்து, “அந்த ஆச்சி போன மாசத்துக் குளிசையையே பிரிக்காமல் வச்சிருக்கா, நீங்க இன்னும் அனுப்புறீங்க” என்றார். இப்படி ஒரு செய்தி கவுண்டருக்குள் இருந்த எங்களுக்கு வேறு எந்த வழியாலும் வந்திருக்காது.

அந்த ஆச்சி ஏன் குடிக்கவில்லை என்று விசாரித்தோம். குளிசையின் நிறம் மாறியிருந்ததாம். அரச ஆஸ்பத்திரியில் இது வழமை. கொள்வனவு வேறு நிறுவனத்துக்குப் போனால் அதே மருந்து வேறு நிறத்தில், வேறு வடிவத்தில் வரும். கவுண்டரில் நின்றால் “அதே மருந்துதான் அம்மா, நிறம்தான் வேறு” என்று கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுவோம். அரை நிமிடம்கூட ஆகாது. தபால் உறைக்குள் அந்த அரை நிமிடத்தை வைத்து அனுப்ப முடியவில்லை. சிலர் பயந்து நிறுத்தினார்கள். இன்னும் சிலர் செய்ததுதான் ஆபத்து: பழையதும் மிச்சம் இருக்க, புதியதை வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் சேர்த்துக் குடித்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வோர் உறையிலும் ‘பிரஷருக்கு’, ‘சீனிக்கு’ என்று பெரிதாக எழுதினோம். வாசிக்கத் தெரியாதவர்களுக்குச் சூரியனும் நிலாவும் கீறினோம். நிறம் மாறியிருந்தால் தனியாக ஒரு துண்டு வைத்தோம்.

கிளினிக் நாளில் கவுண்டர் முன்னால் நெருக்கிக்கொண்டு நிற்கும் வரிசையை நான் ஒரு தொல்லையாகத்தான் பார்த்திருந்தேன். அந்த வரிசை இல்லாமல் போன பிறகுதான், அதில் எத்தனை விஷயம் நடந்தது என்று விளங்கியது. பின்னால் நிற்பவர் முன்னால் நிற்பவரின் கொப்பியைப் பார்த்து, “நீங்களும் இதையா குடிக்கிறீங்க, எனக்குத் தலைசுத்துது” என்பார். அது எங்கள் காதில் விழும். டொக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டதை எங்களிடம் சொல்வார்கள்.

நோன்பு தொடங்கியபோது இது இன்னும் நன்றாகத் தெரிந்தது. மற்ற வருடங்களில் மருதமுனை ஆட்கள் நோன்புக்கு முன்பே வந்து, “காலைக் குளிசையை விடியமுன் சஹர் சாப்பாட்டோடு எடுக்கவா?” என்று கேட்பார்கள். எல்லா மருந்தையும் அப்படி நேரம் மாற்ற முடியாது. கிளிக்ளசைட் போன்ற சீனிக் குளிசைகள் பசி வயிற்றில் சீனியை அளவுக்கு மீறி இறக்கிவிடும். அளவை டொக்டர்தான் மாற்ற வேண்டும். அந்த வருடம் யாரும் வந்து கேட்கவில்லை. ஆகவே பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு நாங்களே ஒவ்வொருவருக்காகப் போன் எடுத்தோம்.

இன்சுலின் தபாலில் போகாது, குளிர் வேண்டும். அதை ஐஸ் வைத்த பெட்டியில் அவரவர் ஊர்ப் பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அங்கே வந்து எடுக்கச் சொன்னோம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டுக்கு, ஈர மண் போட்ட முட்டியில் வைக்கச் சொல்லிக் கொடுத்தோம்.

வீட்டுக் கதை பெரிதாக இல்லை. கிணற்றடியில் குளித்த பிறகுதான் வாசற்படி. சித்திரைப் புத்தாண்டுக்கு மருத்துநீர் வைத்தோம், ஒருவர் வீட்டுக்கும் போகவில்லை. மனைவி ஆசிரியை. அவர் போனில் பிள்ளைகளின் கணக்கைத் திருத்துவார், நான் போனில் நோயாளிகளுக்குக் குளிசை விளக்குவேன். வீட்டில் சண்டை வந்தது என்றால் சார்ஜருக்காகத்தான்.

எல்லாம் திறந்த பிறகு வரிசையும் திரும்பி வந்தது. தபாலைத் தொடரலாமே என்று சிலர் கேட்டார்கள், அதில் நியாயமும் இருந்தது. நிலையான அளவில் குளிசை குடிக்கும் ஒருவர் மாதாமாதம் ஒரு நாள் கூலியை விட்டு வரத்தான் வேண்டுமா? என் கருத்தைக் கேட்டால், ஒரு மாதம் தபால், ஒரு மாதம் நேரில் என்று வைத்திருக்கலாம். முழுக்கத் தபால் என்றால் நான் சம்மதிக்க மாட்டேன்.

2022இல் பெற்றோல் இல்லாமல் போனபோது, அந்தப் போன் இலக்கங்கள் எழுதிய கொப்பியைத் திரும்பத் தேடி எடுத்தோம். ஊரடங்கு இல்லை, ஆனால் ஆட்களால் வர முடியவில்லை. இந்த முறை சிக்கல் வேறு பக்கம். 2020இல் மருந்து எங்கள் தட்டில் இருந்தது, கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பாடு. 2022இல் மருந்துக்கே தட்டுப்பாடு. தூரத்தில் இருந்து வருகிறவருக்கு இரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்க வேண்டிய நேரத்தில், இரண்டு கிழமைக்குத்தான் எண்ணிக் கொடுக்க முடிந்தது. வெல்லாவெளியில் இருந்து சைக்கிள் மிதித்து வந்த ஐயா ஒருவர் உறையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, கொரோனாவே பரவாயில்லைப் போல” என்றார்.